எத்தியோப்பியாவில் அந்த மண்ணின் சாப்பாட்டைத் தேடிச் சாப்பிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அடிஸ் அபாபாவில் இறங்கும் பயணிகள் பலர் முதல் வேளையில் பாஸ்தாவைத்தான் சாப்பிடுகிறார்கள். ஹோட்டல் பட்டியலில் தெரிந்த பெயராக அது ஒன்றுதான் கண்ணில் படும். 1936 முதல் 1941 வரை அந்த நாட்டைப் பிடித்துவைத்திருந்த இத்தாலியர் விட்டுப்போன பழக்கம் அது. எத்தியோப்பியர்களும் விரும்பியே உண்கிறார்கள். ஆனால் அதே ஹோட்டலின் பின்தெருவில், தகரக் கூரைக்குக் கீழே, மூன்று நாள் புளித்த மாவை அகன்ற மண்தட்டில் ஒரு பெண் சுழற்றி ஊற்றிக்கொண்டிருப்பார். அங்கே போய்ச் சேர ஒரு நாள்காட்டியும் பத்துச் சொற்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஆப்பிரிக்காவின் 54 நாடுகளில் எத்தியோப்பியாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். செனகலின் மீன் சோற்றுக்கும் கானாவின் கென்கே என்ற புளித்த மக்காச்சோள மாவு உருண்டைக்கும் தனித்தனி வழிகாட்டிகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் எதுவும் உருப்படியாக வராது. மேலும், புளித்த மாவு, வலக்கைச் சாப்பாடு, பருப்பு, காரம், விரதம் என்று தமிழருக்குப் பழகிய பல விஷயங்கள் அங்கே இயல்பாக இருக்கின்றன. நம் கேழ்வரகின் தாயகமே எத்தியோப்பியாவும் உகாண்டாவும் சேர்ந்த மேட்டுநிலங்கள்தான். அங்கே அதற்கு தகுசா என்று பெயர்.

1. முதலில் விரத நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

உணவகம் தேடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. பல பயணிகள் இதைச் செய்யாமல்தான் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம் இருக்கிறார்கள். விரதத்துக்கு ட்சோம் என்று பெயர். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. இவை போக ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெருவிரதம், நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 7 அன்று வரும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் வரை ஒன்று, ஆகஸ்டில் இரண்டு வாரம் ஒன்று என்று பட்டியல் நீளும். மொத்தம் ஆண்டில் பாதி நாள் ஆகிவிடும். அந்த நாள்களில் சிற்றூர்க் கடையில்கூட, கேட்காமலே, முழுக்கத் தாவர உணவு கிடைக்கும்.

அவர்களுடைய ஈஸ்டரான ஃபாசிகா 2027இல் மே 2 அன்று வருகிறது. பெருவிரதம் அந்த ஆண்டு மார்ச் 8 அன்று தொடங்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த 55 நாள்களுக்குள் பயணத்தை வைத்துக்கொண்டால் தட்டு நிறைய வகைகள் பார்க்கலாம். இறைச்சி உணவுக்காகவே போகிறவர்கள் இந்தக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. கசாப்புக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

ஃபாசிகாவுக்குப் பிந்தைய 50 நாள்களில் புதன், வெள்ளி விரதமும் தள்ளுபடியாகிறது. நாடே கறி விருந்தில் இருக்கும். சைவர்களுக்கு ஆண்டிலேயே சிரமமான காலம் இதுதான். பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்றாலும், பல வேளை ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பு ஒன்றைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

2. கடிகாரத்தை மாற்றிப் படியுங்கள்

அங்கே பகல் கணக்கு காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. நம் நண்பகல் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும். “சாப்பாடு ஆறு மணிக்குத் தயார்” என்று கடைக்காரர் சொன்னால் மாலை வரை காத்திருக்காதீர்கள். “உள்ளூர்க் கணக்கா?” என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

நல்ல பண்டங்கள் மதியத்துக்கே சமைக்கப்படுகின்றன. பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள் போய்விடுங்கள். இரவு எட்டு மணிக்குச் சிறு கடைகளில் மிச்சம்தான் இருக்கும்.

3. எந்த “பேட்” என்று தெரிந்து நுழையுங்கள்

பேட் என்றால் வீடு. கடைகளின் பெயர் எல்லாம் இந்தச் சொல்லில் முடியும். மிகிப் பேட் சாப்பாட்டுக் கடை. சிகா பேட் இறைச்சிக் கடை. வாசலில் தொங்கும் இறைச்சியிலிருந்து எடை போட்டு வாங்கினால் அங்கேயே வதக்கித் தருவார்கள். தெஜ் பேட் தேன் மது விற்கும் இடம். புனா பேட் காப்பிக் கடை. சில ஊர்களில் அதே பெயரில் மதுக்கடையும் நடக்கும் என்பதால் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு நுழையுங்கள்.

தேட வேண்டியது மிகிப் பேட். வங்கி, அரசு அலுவலகம், பஸ் நிலையம் போன்ற இடங்களைச் சுற்றி, மதியம் அலுவலர்கள் கூட்டமாக நுழையும் கடை எதுவோ அதற்குள் போங்கள். பெயர்ப்பலகை அவர்களுடைய கீஸ் எழுத்தில் மட்டும் இருந்தால் அது நல்ல அடையாளம். நுழைந்ததும் கை கழுவும் தொட்டி எங்கே என்று பாருங்கள். சுத்தமாக இருந்து, சோப்பும் இருந்தால் தைரியமாக உட்காரலாம்.

யோத் அபிசினியா போன்ற, நாட்டுப்புற நடனத்தோடு விருந்து படைக்கும் பெரிய உணவகங்களும் தலைநகரில் உண்டு. முதல் நாள் அங்கே ஒரு வேளை சாப்பிடுவதை நான் பரிந்துரைப்பேன். எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; ஆங்கிலம் பேசுவார்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் தெருவுக்கு இறங்குங்கள்.

4. இஞ்செராவைப் பார்த்துக் கடையை எடைபோடுங்கள்

எத்தியோப்பியச் சாப்பாட்டின் அடித்தளம் இஞ்செரா. டெஃப் என்ற, கசகசாவைவிடவும் சிறிய தானியத்தை அரைத்து, கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். முந்தைய மாவின்மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எர்ஷோ என்று எடுத்துவைத்து அடுத்த மாவில் சேர்க்கிறார்கள். பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா? அதே அறிவுதான். மிட்டாட் என்ற அகன்ற மண்கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றி மூடிவிடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை.

நல்ல இஞ்செராவின் மேற்பரப்பில் ஆப்பத்தில் போலச் சிறு துளைகள் நெருக்கமாக, ஒரே அளவில் இருக்கும். அவற்றைக் கண்கள் என்றே அழைக்கிறார்கள். அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும்; மடித்தால் விரிசல் விடாது; நுனியைக் கிள்ளி வாயில் வைத்தால் புளிப்பு முதலில் வந்து, பின்னால் தானியத்தின் லேசான இனிப்பு வரும். தடித்து, துளை குறைந்து, மணமே இல்லாமல் இருந்தால் மாவு போதிய நாள் புளிக்கவில்லை என்று பொருள்.

டெஃப்பில் வெள்ளை, சிவப்பு இரண்டும் உண்டு. வெள்ளைக்கு மதிப்பும் விலையும் அதிகம். எனக்குச் சிவப்புதான் பிடிக்கும். கேழ்வரகுத் தோசையின் நினைவு வரும், சுவையும் ஆழம். “கெய் இஞ்செரா” என்று கேளுங்கள். கெய் என்றால் சிவப்பு. டெஃப் விலை ஏறிக்கொண்டே போவதால் பல கடைகளில் அரிசி, சோளம், பார்லி மாவு கலக்கிறார்கள். பொதுவாக அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கலப்பில்லாத டெஃப்தானா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். டெஃப்பில் குளூட்டன் இல்லை, கலப்பில் இருக்கலாம்.

5. பெயர் சொல்லிக் கேளுங்கள்

பட்டியல் அட்டை இல்லாத கடைதான் நீங்கள் தேடும் கடை. அங்கே உட்கார்ந்ததும் “யெட்சோம் அல்லெ?” என்று கேளுங்கள். விரதச் சாப்பாடு இருக்கிறதா என்று பொருள். “அல்லெ” என்றால் உண்டு. “யெல்லெம்” என்றால் இல்லை. “சைவம்” என்பதற்கு ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோழி கொண்டுவரக்கூடும். விரதம் என்ற சொல் நாடு முழுக்கச் சரியாகப் புரிந்துகொள்ளப்படும்.

கேட்க வேண்டிய பெயர் யெட்சோம் பெயாய்நெட்டு. பெயாய்நெட்டு என்றால் பல வகை. ஒரு பெரிய இஞ்செராவின்மேல் சிறு சிறு குவியல்களாக வரும்: மிசிர் வொட் என்ற காரமான மைசூர்ப் பருப்புக் குழம்பு, மஞ்சள் போட்ட, காரமில்லாத பட்டாணிப் பருப்பான கிக் அலிச்சா, கோமென் என்ற கீரை, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு வதக்கல், பீன்ஸ், சில கடைகளில் பயறும் கடுகும் பச்சை மிளகாயும் சேர்த்துக் குளிரவைத்த அசிஃபா. நடுவில் பெரும்பாலும் ஷிரோ. வெங்காயம் அடைத்த பச்சை மிளகாய் ஒன்றும் ஓரத்தில் கிடக்கும். அதைச் சீனிக் என்பார்கள். விடாதீர்கள்.

பெயர்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. வொட் என்று முடிந்தால் பெர்பெரே போட்ட சிவப்புக் குழம்பு. அலிச்சா என்றால் மஞ்சள், மிதமானது. பெர்பெரே என்பது அவர்களுடைய மசாலாப் பொடி. மிளகாய், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்ற உள்ளூர் ஏலக்காய் வகை, துளசி இனத்தைச் சேர்ந்த பெசோபெலா எல்லாம் அதில் சேரும். இதைவிடக் கடுமையானது மிட்மிட்டா. தொட்டு, அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷிரோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலையோ மொச்சையோ வறுத்து மசாலாவுடன் அரைத்த மாவில் காய்ச்சும் குழம்பு இது. ஏழையும் பணக்காரரும் தினமும் உண்பது. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் கெட்டியான வகை தெகாபினோ. நான் முதன்முதலில் ஒரு வழியோரக் கடையில் “நல்ல ஷிரோவாகக் கொடுங்கள்” என்று கேட்டபோது போசெனா ஷிரோ வந்தது. அது மாட்டிறைச்சித் துண்டுகள் போட்டது. விருந்தாளிக்குச் சிறந்ததைக் கொடுக்கிறோம் என்று அவர்கள் அன்போடு கொண்டுவந்தது. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டேன். அதற்குப் பிறகு “யெட்சோம் ஷிரோ” என்றே சொல்கிறேன். விரதமில்லாத நாளில் சாதா ஷிரோவிலும் கிபே என்ற மசாலா நெய் சேர்த்திருப்பார்கள். நமக்கு நெய் ஆகுமென்றால் கவலையில்லை, பால் பொருளே கூடாது என்பவர்கள் யெட்சோம் என்ற சொல்லை மறக்கக் கூடாது. மீன் விரதத்தில் சேருமா என்பதில் அங்கேயே இரு கருத்து உண்டு. ஆகவே “அசா யெல்லெம்?”, அதாவது மீன் இல்லையே என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இஞ்செரா தீர்ந்தால் “இஞ்செரா சிம்மாரி” என்றால் இன்னொன்று சுருட்டிக் கொண்டுவருவார்கள். விலை கேட்க “சிந்த் நெவ்?”, நன்றி சொல்ல “அமெசெக்னாலெஹு”. நாக்கு சுழலாவிட்டாலும் முயலுங்கள். முகம் மலரும்.

காலை உணவை ஹோட்டலில் முடிக்காதீர்கள். நேற்றைய இஞ்செராவைப் பிய்த்துக் குழம்பில் புரட்டிய ஃபிர்ஃபிர், ரொட்டித் துண்டுகளை நெய்யிலும் பெர்பெரேயிலும் பிசறிய செச்செப்சா, மொச்சையைக் கடைந்த ஃபூல், நடுவில் குழி செய்து காரநெய் ஊற்றிய கென்ஃபோ களி ஆகியவை பெரும்பாலும் காலையில் கிடைப்பவை. கென்ஃபோ பிரசவித்த பெண்களுக்குச் செய்து கொடுக்கும் பண்டம். நம் உளுந்தங்களியை எண்ணிக்கொள்ளலாம்.

6. ஒரே தட்டில் உண்ணப் பழகுங்கள்

வலக்கை மட்டும். உங்கள் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுங்கள். எதிர்ப்பக்கம் கைநீட்டுவது மரியாதையல்ல. இஞ்செராவைக் கிள்ளி, அதனாலேயே குழம்பைப் பற்றி எடுத்து வாயில் வைக்க வேண்டும். விரலை நக்கக் கூடாது. நமக்கு இதுதான் கடினம். தட்டின் அடியில் குழம்பு ஊறிய இஞ்செராவைக் கடைசியில் உண்பது தனிச்சுவை.

பக்கத்து மேசைக்காரர் உங்களைப் பார்த்து “இன்னிப்லா” என்பார். சாப்பிடுவோம் வாருங்கள் என்ற அழைப்பு. புன்னகையோடு நன்றி சொல்லிவிடலாம். வற்புறுத்தினால் ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமானவர்கள் தங்கள் கையால் கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்டுவார்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர். கவளம் பெரிதாக இருக்கும், அன்பும் அப்படியே. மறுக்காதீர்கள். அழைத்தவர்தான் பணம் கொடுப்பார்; பில்லுக்காக மல்லுக்கட்டாமல் அடுத்த வேளையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்.

7. இறைச்சி உண்பவர்களுக்கு

டோரோ வொட் தான் விருந்தின் ராஜா. வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கி, பெர்பெரேயும் நெய்யும் சேர்த்து, கோழியோடு அவித்த முட்டையும் போட்ட குழம்பு. மரபுப்படி கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவார்கள். பண்டிகைக்குச் செய்வது என்பதால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. டிப்ஸ் என்ற வதக்கிய இறைச்சி எங்கும் உண்டு.

குராகே மக்களின் கிட்ஃபோ பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி, நெய்யும் மிட்மிட்டாவும் கலந்தது. பச்சை இறைச்சியில் நாடாப்புழு அபாயம் உண்மையானது. “யெபெசெலெ” என்றால் நன்றாக வேகவைத்துத் தருவார்கள். சுவை மாறும், உடம்பு பிழைக்கும். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவர் அறுத்ததை மற்றவர் உண்பதில்லை. பல கசாப்புக் கடைகளில் சிலுவையோ பிறையோ வரைந்திருக்கும். பன்றி இறைச்சியை இரு தரப்பும் தொடுவதில்லை.

8. காப்பிக்கு நேரம் ஒதுக்குங்கள்

தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி புகைய, ஒரு பெண் பச்சைக் கொட்டையை உங்கள் கண்முன்னே வறுப்பார். புகையெழும் சட்டியை உங்கள் முன் நீட்டினால் கையால் மணத்தை இழுத்து முகருங்கள். இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சிறு கோப்பையில் ஊற்றுவார். மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது ஆசீர்வாதம் என்று பொருள்படுவது. வீட்டுக்கு அழைக்கப்பட்டால் அதற்கு முன் எழுந்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும்.

அவ்வளவு நேரமில்லாதபோது தெருவோரத்தில் சிறு முக்காலிகள் போட்ட ஜெபெனா புனாக் கடைகள் உண்டு. அங்கே அருகில் உட்கார்பவரோடு பேச்சு தொடங்கும். நல்ல மிகிப் பேட் எங்கே என்று கேட்க அதைவிடச் சிறந்த இடமில்லை. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

9. தலைநகரைத் தாண்டுங்கள்

இஞ்செரா வடக்கின், நடுவின் உணவு. தெற்கே நிலைமை வேறு. வாழை போலவே இருக்கும், ஆனால் உண்ணத்தக்க பழம் தராத என்செட் மரத்தின் தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் பல மாதம் புளிக்க வைத்து கோச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். அர்பா மிஞ்ச் நகருக்கு மேலே மலையில் உள்ள தோர்செ ஊர்களில் இதைச் சுரண்டுவது முதல் சுடுவது வரை காட்டுவார்கள். சூட்டோடு தேனும் மிளகாய் விழுதும் தொட்டு உண்ண வேண்டும். புளித்த வாடை முதலில் தடுக்கும், இரண்டாவது வாயில் பழகிவிடும். ஹவாசா ஏரிக்கரையில் காலையில் பிடித்த மீனைப் பொரித்துத் தருவார்கள்.

கிழக்கே, மதில் சூழ்ந்த ஹரார் நகரம் முஸ்லிம் பண்பாட்டின் இருப்பிடம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒட்டக இறைச்சி, சம்புசா, காப்பிக் கொட்டையின் தோலைக் காய்ச்சிய பானம் ஆகியவற்றைத் தேடுங்கள். ரமலான் மாதத்தில் பகல் உணவு அரிது. வடக்கே திக்ராயில் திஹ்லோ உண்டு: பார்லி மாவு உருண்டைகளை இருமுனைக் குச்சியால் குத்திக் காரக் குழம்பில் தோய்த்து உண்பது.

வட்டார நிலவரம் பார்த்தே புறப்படுங்கள். திக்ராய்ப் போர் 2022 நவம்பர் உடன்பாட்டோடு நின்றது. அம்ஹாராவில் 2023 முதல் மோதல்கள் நடந்துவந்திருக்கின்றன. டிக்கெட் எடுக்குமுன் இந்திய வெளியுறவுத் துறை, தூதரக அறிவிப்புகளைப் படித்துவிடுங்கள். எந்தச் சாப்பாட்டுக்காகவும் ஆபத்தான சாலையில் போக வேண்டாம்.

10. குடிப்பதும் வாங்கி வருவதும்

தேனில் கெஷோ இலை சேர்த்துப் புளிக்க வைத்த தெஜ், பெரேலே என்ற குடுவையில் வரும். இனிப்பாக இருந்து ஏமாற்றும். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து அளவோடு குடியுங்கள். மது வேண்டாதவர்கள் புளிக்காத தேன் நீரான பிர்ஸ் கேட்கலாம். அவகாடோ, மாம்பழம், பப்பாளிச் சாறுகளை அடுக்கடுக்காக ஊற்றும் ஸ்ப்ரிஸ் அருமையானது; தண்ணீரோ பனிக்கட்டியோ சேர்க்காத கடையாகப் பாருங்கள். குடிநீர் மூடியிட்ட பாட்டிலாக மட்டும்.

திரும்பும்போது அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ சந்தையின் மசாலாப் பகுதியில் பெர்பெரேயும் ஷிரோ மாவும் வாங்குங்கள். விற்பவரிடம் ஒரு சிட்டிகை கேட்டு நாவில் வைத்துப் பார்த்து வாங்குவது அங்கே இயல்பு. இரண்டு உறைகளில் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெட்டி முழுக்கப் பெர்பெரே மணக்கும். வீட்டில் நல்லெண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, பெர்பெரே ஒரு கரண்டி, பிறகு மைசூர்ப் பருப்பு, தண்ணீர். இஞ்செராவுக்குப் பதில் நன்றாகப் புளித்த கேழ்வரகுத் தோசை.